வெற்றிப்படம் தந்தவரின் சுவடு நிலைக்குமா?



ஒரு திரைப்படம் பெருவெற்றி பெறுகிறது. அரங்கின்முன் மக்கள் வரிசைபிடித்து நிற்கின்றனர். வசூல் கணக்கு வாய்க்கு வாய் பெருகுகிறது. அப்படத்தைப் போலவே மேலும் ஐந்தாறு படங்கள் வருகின்றன. ஆண்டுகள் உருண்டோடியபின் அதனை இயக்கியவர் யார் என்று கேட்டால் விடைசொல்ல ஆள் கிடைப்பதில்லை. அவ்வாறாயின் வெற்றிப்பட இயக்குநர் ஒருவர் தம் கலைக்கு விட்டுச்செல்வது என்ன? அவருடைய தாக்கம் வசூல் முடிந்தவுடன் முடிந்துவிடுகிறதா? அல்லது நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்து வாழ்கிறதா?

இக்கேள்விக்கு விடைதேட நாம் ஹாலிவுட்டுக்கோ கோடம்பாக்கத்துக்கோ போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸ் என்னும் சிறு தெருவுக்குச் சென்றால் போதும். மலாய்த் திரைப்படத்தின் பொற்காலம் என்று போற்றப்படும் 1950களும் 1960களும் அத்தெருவில்தான் பெரும்பகுதி உருவாயின. அக்காலத்தில் படமெடுத்தவர்களுள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. ரம்லியின் பெயரை அறியாத மாணவர் நம் பள்ளிகளில் இருக்க மாட்டார். ஆனால், பி. எஸ். ராஜ்ஹான்ஸ், பி. என். ராவ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் ஆகிய பெயர்களை அறிந்த ஆசிரியர்களே மிகச் சிலர்தாம். இவர்களுடைய கதையைப் பார்ப்பது, நாம் எழுப்பிய வினாவுக்கு ஒரு தெளிவைத் தரும் என்று நம்புகிறேன்.

தொடக்கக் காலம்

முதல் மலாய்த் திரைப்படம் என்று கருதப்படுவது லைலா மஜ்னுன். 1933ஆம் ஆண்டு சிங்கப்பூரில் எடுக்கப்பட்டு, 1934இல் திரையிடப்பட்டது. அதனை இயக்கியவர் வட இந்தியரான பி. எஸ். ராஜ்ஹான்ஸ். அதில் நடித்தவர்கள் பங்சாவான் மேடைக் கலைஞர்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பங்சாவான் என்னும் அந்த மேடைக்கலையே, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து மலாய்க் கலைஞர்கள் தமக்கென உருவாக்கிக்கொண்ட ஒன்றாகும். ஆட்டமும் பாட்டமும் கலந்த கதை சொல்லும் முறையை ராஜ்ஹான்ஸ் புதிதாகக் கொண்டுவந்து இறக்கவில்லை. கேட்டுப் பழகிய காதுகளும் பார்த்துப் பழகிய கண்களும் இங்கே முன்னரே ஆயத்தமாக இருந்தன. தாக்கம் என்பது வெறும் நிலத்தில் விழும் விதையன்று. உழுது பண்படுத்திய நிலத்தில் விழுவதே முளைக்கும் என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாம் உலகப் போர் திரைத்தொழிலை முடக்கிப் போட்டது. போர் முடிந்தபின், ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படத் தயாரிப்பை 1947இல் மீண்டும் தொடங்கினர். அவர்களிடம் பணம் இருந்தது. ஊர்தோறும் திரையரங்குகள் இருந்தன. கேளிக்கைப் பூங்காக்களும் இருந்தன. படமெடுக்கக் கற்றவர்கள்தாம் இல்லை. மலாயா மக்கள் தமிழ்ப்படங்களையும் இந்திப்படங்களையும் விரும்பிப் பார்த்து வந்தனர். எனவே, அவ்வகைப் படங்களை எடுக்கத் தெரிந்தவர்களை இந்தியாவிலிருந்து வரவழைப்பது வணிகர்களுக்கு எளிதான வழியாகப் பட்டது.

இவ்வாறு ஒரு விந்தையான கூட்டணி அமைந்தது. முதலாளிகள் சீனர்கள், இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், பார்வையாளர்கள் எல்லா இனத்தவரும். நடிகர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தனர். பலர் படப்பிடிப்புக் கூடத்தின் அருகிலேயே நிறுவனம் கொடுத்த வீடுகளில் குடியிருந்தனர். 1953ஆம் ஆண்டு, லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து அமைத்த கேத்தே கெரிஸ் நிறுவனம் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் போட்டியாக எழுந்தது. அதன் புலோ பெரிண்டு என்னும் படமே முதல் வண்ண மலாய்ப்படம். அதையும் இயக்கியவர் ராஜ்ஹான்ஸ்தான்.

பொந்தியானாக் என்னும் பெருவெற்றி

வசூல் வெற்றி என்பதன் பொருளை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அது 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்த பொந்தியானாக். மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் வந்த படம். தயாரித்தது கேத்தே கெரிஸ். இயக்கியவர் பி. என். ராவ்.

ராவ் கேரளத்தில் பிறந்தவர். தமிழ்த் திரைப்பட வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. 1941இல் மதனகாமராஜன், 1945இல் சாலிவாகனன் முதலிய தமிழ்ப்படங்களை இயக்கியபின் சிங்கப்பூர் வந்தவர். மாயமும் மந்திரமும் கலந்த கதைகளைத் திரையில் சொல்லும் பயிற்சி அவருக்கு முன்னரே வாய்த்திருந்தது எனலாம்.

கதை இதுதான். அழகற்றவளாகவும் கூனல் முதுகுடையவளாகவும் இருந்த ஒரு பெண், மந்திர மருந்தால் பேரழகியாகிறாள், மணமும் செய்துகொள்கிறாள். கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்கப்போனவள் குருதியின் சுவை அறிந்து பேயாக மாறுகிறாள். மரியா மெனாடோ என்னும் நடிகை அவ்வேடத்தை ஏற்றார். அழகிய முகம் கொடிய முகமாக மாறுவதை மக்கள் அலறியபடியே பார்த்தனர்; மறுநாள் அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வந்து மீண்டும் பார்த்தனர். ஏறக்குறைய மூன்று மாதங்கள் அப்படம் கேத்தே அரங்குகளில் ஓடியது. ஷா நிறுவனத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்த கேத்தே கெரிஸ் அதன்பின் தலைநிமிர்ந்தது.

பெருவெற்றிக்குப் பின் நடப்பது எங்கும் ஒன்றுதான். அதே ஆண்டில் பொந்தியானாக்கின் வஞ்சத்தைச் சொல்லும் தெண்டாம் பொந்தியானாக் வந்தது. 1958இல் சும்பா பொந்தியானாக் வந்தது. இரண்டும் ராவ் இயக்கியவையே. போட்டி நிறுவனமான ஷா சும்மா இருக்குமா? அதே 1958இல் பிலிப்பீன்ஸ் நாட்டு இயக்குநர் ரமோன் எஸ்தெல்லாவைக் கொண்டு அனாக் பொந்தியானாக் எடுத்தது. அதன்பின் 1963, 1964, 1965 ஆகிய ஆண்டுகளிலும் பொந்தியானாக் பெயரில் படங்கள் தொடர்ந்தன. அவற்றுள் 1964இல் வந்த பொந்தியானாக் குவா மூசாங் ராவின் கைவண்ணம். ஒரே பேயை எட்டே ஆண்டுகளில் ஏழு முறை எழுப்பினால் அதற்கும் களைப்பு வரும். பார்ப்பவருக்கும் சலிப்பு வரும். அலை ஓய்ந்தது.

இதனைவிடத் துயரமான செய்தி ஒன்றுண்டு. பெருவெற்றி பெற்ற அந்த முதல் பொந்தியானாக் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. இரண்டாம் படமும் அவ்வாறே. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் படச்சுருள்களை ஓர் ஈயக்குட்டையில் வீசிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. மூன்றாவது படமான சும்பா பொந்தியானாக் மட்டும் தப்பிப் பிழைத்தது. ஒரு காலத்தில் ஊரே திரண்டு பார்த்த படத்தை இன்று எவரும் பார்க்க முடியாது. இயக்குநரின் பெயரோ, ஆய்வாளர் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

படம் போயிற்று, தாக்கம் போயிற்றா?

இங்கேதான் நம் வினா கூர்மை பெறுகிறது. படமே இல்லை என்றால் தாக்கம் மட்டும் எப்படி இருக்கும்?

பொந்தியானாக் ராவ் படைத்த பேயன்று. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி என்று மலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த நம்பிக்கை அது. தமிழ் வழித்தோன்றலான முன்ஷி அப்துல்லா 19ஆம் நூற்றாண்டிலேயே தம் வாழ்க்கை வரலாற்று நூலில் இத்தகைய பேய் நம்பிக்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயினும் அதுவரை அப்பேய் வீட்டுத் திண்ணையில் பாட்டி சொல்லும் கதையில்தான் இருந்தது. ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் உருவம். 1957க்குப் பின் அதற்குத் திரையில் ஒரு முகம் கிடைத்தது. அழகும் அச்சமும் ஒரே முகத்தில் குடியிருக்கும் பெண். அநீதிக்கு ஆளாகி, பழிவாங்கத் திரும்பிவருபவள். அந்த உருவம் பின்வந்தவர்களைப் பிடித்துக்கொண்டது.

1970களுக்குப்பின் மலேசியத் திரையில் பேய்ப்படங்கள் நெடுங்காலம் அருகியிருந்தன. 2004ஆம் ஆண்டு, ஷுஹாய்மி பாபா என்னும் பெண் இயக்குநர் பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம் என்ற படத்தை எடுத்தார். அதன் வெற்றிக்குப் பின் பேய்ப்படங்கள் மலேசியாவில் மீண்டும் பெருகின. 2019இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கிளென் கோய், மலேசியாவைச் சேர்ந்த கெவின் யாப் ஆகிய இருவரும் சேர்ந்து தெண்டாம் பொந்தியானாக் என்ற பழைய பெயரிலேயே ஒரு படம் இயக்கினர். கதை நடப்பது 1965இல். காணாமற்போன ஒரு படத்தின் பெயரை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் புதியவர்கள் தேடி எடுக்கிறார்கள் என்றால், அந்தச் சுவடு அழியவில்லை என்றுதானே பொருள்?

ஆனால், எது அழிந்தது, எது நிலைத்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவசர அவசரமாக எடுக்கப்பட்ட தொடர்ச்சிகள் மறைந்தன. திறந்துவிடப்பட்ட வழி மறையவில்லை.

இது ஜாலான் அம்பாஸுக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஓர் ஒப்பீட்டுக்காக அமெரிக்காவைப் பார்க்கலாம். 1975ஆம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ஜாஸ் என்னும் சுறாமீன் படம் உலகையே கலக்கியது. அதன் தொடர்ச்சியாக 1978, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. அவற்றை ஸ்பீல்பெர்க் இயக்கவில்லை; இன்று அவற்றை நினைப்பாரும் குறைவு. ஆயினும், கோடை விடுமுறையில், நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நாளில், பெரும் தொலைக்காட்சி விளம்பரத்துடன் படத்தை இறக்கிய அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. சுறா போய்விட்டது, அது வந்த வாய்க்கால் நின்றுவிட்டது.

மாணவன் வழியே வாழும் தாக்கம்

வெற்றிப்படங்கள் விட்டுச்செல்லும் மற்றொரு சுவடு உண்டு. ஆசிரியர்களாகிய நமக்கு அது இன்னும் நெருக்கமானது. அது மனிதர்கள் வழியே செல்லும் தாக்கம்.

1948ஆம் ஆண்டு, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் பாடிய 19 வயது இளைஞரின் குரல் ராஜ்ஹான்ஸின் காதில் விழுந்தது. அவரைச் சிங்கப்பூருக்கு வரச்சொன்னார். அந்த இளைஞர்தான் பி. ரம்லி. அதே ஆண்டில் ராஜ்ஹான்ஸ் இயக்கிய சிந்தா படத்தில் அவர் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். கதாநாயகனுக்குப் பின்னணியும் பாடினார். திரையில் வாயசைத்தவர் ஒருவர், பாட்டு இவருடையது.

1950ஆம் ஆண்டு, எல். கிருஷ்ணன் பக்தி என்னும் படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்த தமிழர். 1953இல் பி. என். ராவ் இயக்கிய ஹுஜான் பானாஸ் ரம்லியின் புகழை மேலும் உயர்த்தியது. 1956இல் வங்காளியான பணி மஜும்தார் இயக்கிய அனாக்கு சசாலி படத்தில் தந்தை, மகன் என இரு வேடங்களிலும் ரம்லி நடித்தார். செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன மகனைத் தந்தையே காவலரிடம் ஒப்படைக்கும் கதை அது. பெற்றோர்கள் இன்றும் பார்க்கத்தக்க படம். 1957இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லிக்குச் சிறந்த நடிகர் விருதை அது பெற்றுத் தந்தது.

ஒருவர் கண்டெடுத்தார்; ஒருவர் நாயகனாக்கினார்; ஒருவர் மெருகேற்றினார்; ஒருவர் உலகறியச் செய்தார். நால்வரும் வெவ்வேறு ஊரினர். இதற்கிடையில் அந்த மாணவர் சும்மா இருக்கவில்லை. படப்பிடிப்புக் கூடத்திலேயே வாழ்ந்து, பார்த்தும் கேட்டும் செய்தும் கற்றுக்கொண்டார். 1955ஆம் ஆண்டு, பெனாரேக் பேச்சா என்னும் தம் முதல் படத்தை இயக்கினார். மிதிவண்டி இழுப்பவன் ஒருவனின் கதை. அதற்குமுன் 1952இல் ஹாஜி மஹாடி இயக்கிய ஒரு படம்தான் மலாய்க்காரர் இயக்கிய முதல் படம். அது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. ரம்லியின் வெற்றிதான் மலாய் இயக்குநர்களுக்குக் கதவை அகலத் திறந்தது.

அவர் கற்றதை அப்படியே ஒப்பிக்கவும் இல்லை. பாட்டும் கண்ணீரும் கலந்த குடும்பக்கதை என்னும் அச்சை வைத்துக்கொண்டார். அதில் கம்பத்து வாழ்க்கையையும் நகரத்து ஏழைகளின் நகைச்சுவையையும் மலாய் மொழியின் சொல்விளையாட்டையும் வார்த்தார். 1957இல் புஜாங் லாப்போக் வந்தது. 1961இல் வந்த செனிமான் புஜாங் லாப்போக், ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தையே கேலி செய்தது. தன்னை வளர்த்த கூடத்தைப் பார்த்து அன்போடு நகைக்கும் துணிவு, பாடத்தை முற்றக் கற்றவனுக்கே வரும்.

மறுத்துப் பேசிய மாணவர்

இந்திய இயக்குநர்களின் பணியைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது. அக்காலத்திலேயே அவர்கள்மீது குறை சொல்லப்பட்டது. இந்தியக் கதைகளை மலாய்ப் பெயர் சூட்டி எடுக்கிறார்கள். மலாய்ப் பண்பாடு தெரியாமல் எடுக்கிறார்கள். தேவையற்ற இடங்களில் ஆடலும் பாடலும் புகுத்துகிறார்கள் என்று மலாய் எழுத்தாளர்கள் வருந்தினர். மலாய்ப்படத்தை மலாய்க்காரரே இயக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. அக்குரலில் நியாயம் இருந்தது. ஒரு மக்களின் கதையை அம்மக்களே சொல்ல விரும்புவது இயல்பு. தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் நமக்கு அவ்வுணர்வை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. 1956ஆம் ஆண்டு பணி மஜும்தார் ஹங் துவா படத்தை வண்ணத்தில் எடுத்தார். மலாக்கா சுல்தானிடம் மாறாப்பற்றுக் கொண்ட வீரனின் கதை. தன் நண்பனுக்காக நீதி கேட்டுக் கிளர்ந்த ஹங் ஜெபாட்டை, மன்னனின் ஆணைப்படி ஹங் துவாவே கொல்கிறான். யார் செய்தது சரி என்ற ஐயத்துடன் படம் முடிகிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து 1961இல், கேத்தே கெரிஸில் படத்தொகுப்பாளராக இருந்து இயக்குநரான ஹுசேன் ஹனிப் என்னும் இளைஞர், அதே கதையை ஹங் ஜெபாட் என்ற பெயரில் எடுத்தார். இம்முறை நடுநாயகன் ஜெபாட். பற்று பெரிதா, நீதி பெரிதா என்ற கேள்வியை, புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் குரலில் அவர் கேட்டார். வந்தவர் ஐயத்தோடு நிறுத்திய இடத்தில், இங்கே பிறந்தவர் தம் விடையைத் தொடங்கினார்.

தாக்கம் என்றால் பின்பற்றுதல் மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். மறுத்துப் பேசுவதும் தாக்கத்தின் ஒரு வடிவமே. முன்னே ஒருவர் வரைந்த கோடு இல்லாவிட்டால், பின்னே வருபவர் அதை எங்கே தாண்டுவார்?

பொற்காலத்தின் முடிவு

1960களில் நிலைமை மாறியது. தொலைக்காட்சி வந்தது. 1964ஆம் ஆண்டு லோக் வான் தோ தைவானில் நேர்ந்த வானூர்தி விபத்தில் மறைந்தார். அதே ஆண்டில் பி. ரம்லி சிங்கப்பூரைவிட்டுக் கோலாலம்பூர் சென்றார். ஜாலான் அம்பாஸ் கூடம் 150க்கும் மேற்பட்ட படங்களைத் தந்தபின் 1967இல் மூடப்பட்டது. கேத்தே கெரிஸும் 1970களின் தொடக்கத்தில் மலாய்ப் படத் தயாரிப்பை நிறுத்தியது. 1973 மே 29ஆம் நாள் ரம்லி தம் 44ஆம் வயதில் மறைந்தார். கடைசிக் காலத்தில் அவர் எடுத்த படங்கள் போதிய வரவேற்பைப் பெறவில்லை. அவரையே மக்கள் மறந்துவிட்டார்களோ என்று எண்ணத்தக்க காலம் அது.

ஆனால், தொலைக்காட்சி அவர் படங்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. அரங்கிற்கு வராத தலைமுறை வீட்டுக்கூடத்தில் அமர்ந்து அவரை ஏற்றுக்கொண்டது. 1982இல் கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1990இல் மறைவுக்குப் பிந்திய தான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வசூல் கைவிட்ட கலைஞரைக் காலம் கைதூக்கிவிட்டது.

கிருஷ்ணனின் சுவடும் வேறொரு வழியில் நின்றது. 1960களின் தொடக்கத்தில் அவர் ஹோ ஆ லோக்குடன் சேர்ந்து கோலாலம்பூருக்கு அருகே உலு கிளாங்கில் மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடத்தை உருவாக்கினார். ரம்லி பின்னர் பணிபுரிந்தது அங்கேதான். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் பின்னாளில் அதே இடத்தில்தான் நிலைகொண்டது. ஓர் இயக்குநர் எடுத்த படங்களைவிட, அவர் நட்ட கம்பம் நெடுநாள் நிற்பதும் உண்டு.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவுகள் மூன்று.

ஒன்று: வெற்றியைப் படியெடுப்பது நிலைக்காது. ஏழு பொந்தியானாக் படங்களும் ஓர் அலையோடு ஓய்ந்தன. பல ஆண்டுகள் கழித்து, தமக்கென ஒரு கேள்வியோடு அக்கதையை அணுகியவர்களே அதற்கு மறுவாழ்வு தந்தனர்.

இரண்டு: பெயர் நிலைப்பது வேறு, தாக்கம் நிலைப்பது வேறு. ராவின் பெயர் மறைந்தது. அவர் திரையில் வரைந்த முகம் மறையவில்லை. ராஜ்ஹான்ஸின் பெயர் மறைந்தது. அவர் கண்டெடுத்த குரல் இன்றும் வானொலியில் ஒலிக்கிறது.

மூன்று: மண்ணில் பிறந்தவர்கள் எடுத்து, மாற்றி, தமதாக்கிக் கொண்டால்தான் வெளியிலிருந்து வந்த தாக்கம் நிலைக்கும். இந்தியப் படமாகவே இருந்திருந்தால் அம்மலாய்ப்படங்கள் என்றோ மறக்கப்பட்டிருக்கும். ரம்லியும் ஹுசேன் ஹனிப்பும் அவற்றை மலாய்க்கலையாக்கினர், அதனால் வாழ்கின்றன.

இதை வகுப்பறையில் எப்படிச் சொல்வது? இரண்டு தவறான வழிகள் நம்முன் உள்ளன. "மலாய்ப்படத்தை உருவாக்கியதே நம்மவர்கள்தாம்" என்று மார்தட்டுவது ஒரு வழி. அது உண்மையும் அன்று. ராஜ்ஹான்ஸும் மஜும்தாரும் தமிழர் அல்லர். பிலிப்பீன்ஸ் நாட்டவரும் இயக்கினர். சீனர்கள் பணம் போட்டனர். கதை, குரல், மொழி, உயிர் ஆகியவற்றை மலாய்க் கலைஞர்களே தந்தனர். இன்னொரு வழி, எதுவும் சொல்லாமல் விட்டுவிடுவது. அப்படி விட்டால், இந்நாட்டுக் கலையில் தம் முன்னோர்க்கு எந்தப் பங்கும் இல்லை என்று எண்ணியே நம் பிள்ளைகள் வளர்வார்கள். மார்தட்டல் அண்டை வீட்டாரைப் புண்படுத்தும். மௌனம் நம் பிள்ளைகளைச் சிறுமைப்படுத்தும். உண்மையை உள்ளபடி சொன்னால் இருவருக்கும் பெருமை.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. மேல்நிலை மாணவர்களுக்குப் பி. ரம்லியின் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி வாசிக்கச் செய்யுங்கள். மலாய், சீன, இந்தியப் பெயர்கள் எத்தனை உள்ளன என்று எண்ணச் சொல்லுங்கள். பாடல் வரும் இடங்களைத் தாம் அறிந்த தமிழ்ப்படங்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எது ஒத்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நாம் சொல்லிக்கொடுக்கும் பத்துப் பக்கக் குறிப்பைவிட அந்த ஒருமணி நேரம் பயன்தரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று பிள்ளைகள் எந்தப் படம் எத்தனை கோடி வசூலித்தது என்பதை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அதைக் கடிந்துகொள்ள வேண்டாம். "இந்தப் படத்தைப் பார்த்து யார் என்ன கற்றுக்கொள்வார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் பிள்ளை, கூட்டத்தோடு கைதட்டும் பார்வையாளனாக மட்டும் நின்றுவிட மாட்டான்.

வெற்றிப்பட இயக்குநரின் தாக்கம் நிலைக்குமா என்று தொடங்கினோம். அவர் எழுப்பிய ஆரவாரம் நிலைப்பதில்லை. பல வேளைகளில் அவர் எடுத்த படச்சுருளும் நிலைப்பதில்லை. அவரிடம் கற்றவர்கள் அவரைத் தாண்டிச் சென்றால், அவர் நிலைக்கிறார். வகுப்பறையில் நாளும் நிற்கும் நம் பணிக்கும் இதுவே அளவுகோல் அன்றோ?

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்